தாணு வாத்தியார் வீட்டு விறகு

இலஞ்சிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டுக் கட்டடப் பள்ளிக்கூடம். தாணுப்பிள்ளை அங்கே இங்கிலீஷ் வாத்தியார். வெள்ளைக்காரன் ஆட்சி அது. இங்கிலீஷ் தெரிந்தவன் ஆபீசில் உட்காருவான், தெரியாதவன் வாசலில் நிற்பான். அதனால் வாத்தியாருக்கு ஊரில் நல்ல மரியாதை. அவருக்கோ அது பத்தவில்லை. தலைமை வாத்தியார் அந்த வருஷம் ஓய்வு பெற்றுப் போகிறார், காலியாகும் நாற்காலியில் தான் உட்கார வேண்டும். தூங்கும்போதும் அந்த நாற்காலிதான் கண்ணில் நின்றது.

பாடம் நடத்துவதற்கு அவரிடம் சொந்தமாக ஒரு முறை உண்டு. இங்கிலீஷ் வாக்கியத்தில் செய்கிற காரியம் வெர்பு. அந்தக் காரியம் எதன் தலையில் போய் விழுகிறதோ அது ஆப்ஜெக்டு. பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகளுக்கு ஏறாது, கையால் செய்தால்தான் ஏறும் என்பார். குறை சொல்ல முடியாத கொள்கை. என்ன, ஆப்ஜெக்டு பூராவும் வாத்தியார் வீட்டுக் கொல்லையில் கிடந்தது.

'ஐ ஸ்ப்ளிட் தி வுட்' என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளில் ஒரு வரிசை விறகு பிளக்கும். 'ஐ டிரா தி வாட்டர்' என்று இன்னொரு வரிசை தண்ணீர் இறைக்கும். 'ஐ வாஷ் தி கவ்' என்று மாட்டைக் குளிப்பாட்ட ஒரு வரிசை. சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே வாத்தியார், "வெர்பு எது?" என்பார். கோடாலி மேலே போகும். "ஆப்ஜெக்டு?" விறகு இரண்டாகும். பாடம் முடிந்தது.

அவர் சம்சாரம் சங்கரம்மாள் குடம் தூக்குவதையே மறந்துபோனாள். "நாளைக்கு நெல்லு அவிக்கணும். அதுக்கு இங்கிலீஷ் இருக்கா?" என்று கேட்பாள்.

"எல்லாத்துக்கும் இருக்கு. நீ தொட்டியை மட்டும் எடுத்து வை."

வண்டிக்கார மாடக்கண்ணுதான் ஒருநாள் வந்து கேட்டான். "எம் மவன் எங்க வீட்டுல வெறகு கீற மாட்டேங்கான், அண்ணாச்சி. படிப்பு இருக்குன்னு இங்கன ஓடி வந்து கீறுதான். எங்க கோடாலிக்கு இங்கிலீஷ் தெரியாதோ?"

"உன் வீட்டுல கீறினா அடுப்பு எரியும். இங்கன கீறினா புத்தி எரியும்."

"உங்க அடுப்பும் சேர்ந்துல்லா எரியுது" என்று சொல்லிவிட்டு மாடக்கண்ணு வண்டியைப் பூட்டப் போனான். ஆனாலும் மகனை நிறுத்தவில்லை. ஆபீஸ் நாற்காலி ஆசை யாரை விட்டது?

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. அருவியில் தண்ணீர் கொட்டினால் பக்கத்துக் குற்றாலத்துக்கு அதிகாரிகளும் கொட்டுவார்கள். பள்ளிக்கூடத்து டிப்டி இன்ஸ்பெக்டருக்கு மற்ற மாதங்களில் இலஞ்சி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. ஆனியிலும் ஆடியிலும் மட்டும் கல்வியின் மேல் அப்படியொரு அக்கறை வந்து, பங்களா பிடித்துக் குடும்பத்தோடு தங்கிவிடுவார். தலைமை வாத்தியார் யார் என்பது அவர் வாய்ச்சொல்தான்.

தாணு வாத்தியார் அவரைக் கொல்லைக்கே அழைத்துவந்து தன் முறையைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் குடைக்கடியில் நின்று விறகையும் கிணற்றையும் மாட்டையும் பார்த்தார். சாய்வு நாற்காலியையும் பார்த்தார்.

"பேஷ். இப்படி ஒரு முறையை நான் எங்கேயும் பார்க்கலை. எம் பிள்ளைகளுக்கு இந்த வெர்பும் ஆப்ஜெக்டும் மண்டையிலே ஏறவே மாட்டேங்குது. சாயங்காலம் பங்களாவுக்கு வந்து சொல்லிக்கொடும்வே."

நாற்காலி கைக்கு எட்டிவிட்டது என்று வாத்தியார் துள்ளிக்கொண்டு போனார்.

பங்களாவில் முறை கொஞ்சம் மாறியிருந்தது. "அதுக சின்னப் பிள்ளைக, கையிலே கொப்புளம் வந்துரும். அதுக வாக்கியத்தைச் சொல்லட்டும். நீர் செஞ்சு காட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். பிள்ளைகள் ஊஞ்சலில் ஆடியபடி சொன்னார்கள். வாத்தியார் தண்ணீர் இறைத்தார், பலாப்பழம் வெட்டினார், மிளகாய் அரைத்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத இன்ஸ்பெக்டர் சம்சாரம் ஒரே வாரத்தில் எல்லா வெர்பையும் பிடித்துக்கொண்டாள். ஆப்ஜெக்டுக்கு அந்த வீட்டில் பஞ்சமா? ஐந்தருவிக்குப் போகும்போது எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வாத்தியார் முன்னால் நடப்பார். அங்கே வெர்பு அவர் கை, ஆப்ஜெக்டு இன்ஸ்பெக்டர் முதுகு.

இடுப்பு விட்டுப்போயிற்று. நாற்காலியை நினைத்துக்கொண்டே முதுகு தேய்த்தார்.

ஆடி கழிந்து சாரல் ஓய்ந்தது. மூட்டை முடிச்சுகளை வண்டியில் ஏற்றியதும் வாத்தியார்தான். ஏற்றி முடித்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஐயா, அந்தத் தலைமை வாத்தியார் விஷயம்..." என்று இழுத்தார். இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பிச்சைமணிக்குப் போட்டுட்டேன்வே. அந்தாளுக்கு உட்காரத்தான் தெரியும், உட்கார்ந்துட்டுப் போறான். உம்மைக் கொண்டுபோய் நாற்காலியிலே முடக்கினா உம்ம முறை என்ன ஆகிறது? அடுத்த சாரலுக்கும் நீர்தான் வரணும்."

பிச்சைமணி இன்னொரு வாத்தியார். வகுப்பிலேயே குறட்டை விடுகிறவர். பதவி ஏறிய அன்றைக்கே அவர் போட்ட முதல் உத்தரவு, தாணுப்பிள்ளையின் முறை மிக உயர்ந்தது, ஆகையால் இனிமேல் அது தலைமை வாத்தியார் வீட்டுக் கொல்லையில் நடைபெறும்.

தாணு வாத்தியார் வீட்டுக்கு வந்து சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். கொல்லையில் சத்தமே இல்லை. மாடு மட்டும் ஒருதரம் கத்தியது. சங்கரம்மாள் வந்து நின்றாள்.

"வெறகு பொளக்கல, தண்ணி எறைக்கல."

வாத்தியார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஆப்ஜெக்டெல்லாம் போட்டது போட்டபடி கொல்லையில கெடக்கு. வெர்பு உங்களுக்கே தெரியும். எந்திரிங்க" என்று சொல்லிவிட்டு, கோடாலியை நாற்காலிக் கைப்பிடியில் சாய்த்து வைத்தாள்.