மீதி நாளைக்கு

சந்திரவல்லிக்குப் பார்வை இல்லை என்பதைப் போடியில் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். கணக்கு வரும் என்பதைத்தான் நம்பவில்லை. ஆசிரியர் தேர்வுக்கு அவள் வாங்கிய மின்நூலில் சமன்பாடும் வரைபடமும் வெறும் படங்கள். வரிகளைப் படித்துக்கொண்டே போகும் செல்போன், கணக்கு வந்ததும் "படம்" என்று சொல்லித் தாண்டிவிடும்.

பக்கத்துத் தெரு சுருளி கணிதம் படித்துவிட்டு ஜீப் ஓட்டியவன். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போனால், வேலை முடியும்வரை மலையில் காத்துக் கிடக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் விளக்கம் எழுதினான். பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. செல்போன் மட்டும் வாசிக்கும். தியாகமென்று சொல்ல முடியாது. சும்மா இருக்கத் தெரியாதவன். எழுதியதை அன்றன்றே அனுப்பிவிடுவான்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், ஆட்கள் தோட்டத்திலேயே தங்கிவிட, தனியாக இறங்கியவனின் ஜீப் போடிமெட்டுக்குக் கீழே பள்ளத்தில் விழுந்தது.

அவன் கடைசியாக அன்று அனுப்பியதை அவள் ஒரு மாதம் திறக்கவில்லை. ஞாயிறு தேர்வு. வியாழன் மதியம் திறந்தாள். செல்போனின் மாறாத பெண்குரல் வாசித்தது:

"இடப்பக்கமிருந்து கோடு ஏறுது. எக்ஸ் ரெண்டுகிட்ட வர்றப்ப பனி எறங்குது. கீழ போறேன். மீதி நாளைக்கு."

இரண்டில் கோடு என்ன ஆகிறது? அது தெரியாமல் அந்தப் பாடமே இல்லை. சுருளியின் மனைவி ரேணுகாவைக் கூப்பிட்டுச் செல்போனைக் கொடுத்தாள்.

"எழுத்து ஒண்ணையும் காணமேக்கா. வெறும் கோடுதான் கெடக்கு."

"கண்ணுக்குத் தெரியாது. கேளு."

கேட்டதும் ரேணுகா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "நாளைக்குன்னு எங்கிட்டச் சொன்னதே இல்லக்கா அந்த மனுசன். எப்பவும் இந்தா வந்துட்டேன்தான்."

"கோட்டைப் பாத்துச் சொல்லுடி. பரிச்சை இருக்கு."

ரேணுகா அவள் உள்ளங்கையில் விரலால் வரைந்தாள். "ஏறுது. ரெண்டுல புள்ளிக்கோடு ஒண்ணு நட்டமா நிக்குது. அதைத் தொடாமயே மேல போயிக் காணாமப் போகுது."

"அதுக்கு அங்கிட்டு?"

விரல் நின்றுவிட்டது. "அங்கிட்டு... ஆகக் கீழ, பள்ளத்துக்குள்ளருந்து ஏறி வருதுக்கா."

சந்திரவல்லி அப்படியே தட்டச்சு செய்தாள். இந்தக் கோப்பு இவளைப் போலத் தேர்வெழுதும் இன்னும் எட்டுப் பேருக்குப் போகவேண்டும். பனியும் நாளையும் அவர்களைக் குழப்பும். அழித்துவிட்டு மறுபடி வாசிக்கவிட்டாள். ஒரே குரல், ஒரே வேகம். அவன் நிறுத்திய இடமும் இவள் தொடங்கிய இடமும் கேட்கவில்லை.

"அவுக சொன்ன அந்த வரியை எங்கக்கா?"

"கணக்கு முடிஞ்சிருச்சுடி."

ரேணுகா படத்தின் மேல் விரலை வைத்துத் தடவினாள், கண்ணுக்குத் தெரியாதது கைக்கு அகப்படுமா என்று.