உப்புநீரில் எரிந்த திரி

அம்மாளின் பிள்ளைகளே, நான் புதுக்குடியிருப்பில் சட்டை தைக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயைத் திறக்க வேண்டிய நாளில் மூடிக்கொண்டிருந்ததால் சாகப் பார்த்தேன்.

போன வைகாசியில் என் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரியில் கழுத்தருகே மெல்லிய குழாய் ஒன்று போட்டார்கள். அப்போது ஊசி பட்டு உள்ளே ஒரு ரத்தக் குழாய் காயப்பட்டது யாருக்கும் தெரியாது. நெஞ்சுக்குள் நோவு கூடிக்கொண்டே போனது. தாதி கேட்கும்போதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன்.

எங்கள் அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு முன், எண்ணெய்க்குப் பதில் கடல் தண்ணீரில் அம்மாளுக்கு விளக்கெரியும் வாரம் அது. அந்தத் தண்ணீர் எடுக்கக் கடலுக்குப் போன என் கணவர் கையில் விரதக் காப்புக் கட்டியிருந்தார். பொங்கல் முடியும்வரை அவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது. எனக்கு நெஞ்சு நோவு என்று கேள்விப்பட்டால் மனிதர் ஓடி வந்துவிடுவார், அம்மாள் குற்றமாகிவிடும் என்று பயந்தேன்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் மயங்கிவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன அம்புலன்சில் ஓமந்தை தாண்டியது கனவு போல நினைவிருக்கிறது. றோட்டெல்லாம் கானல் தண்ணீர். நான் அதன்மேல் மிதந்து போனேன்.

அங்கே டொக்டர் எதையும் மறைக்கவில்லை.

"அம்மா, குழாய் போடேக்க வந்த காயம் இது. நெஞ்சைத் திறந்தா நீங்கள் தாங்கமாட்டீங்கள். தொடை ரத்தக் குழாயால போய், துணி சுத்தின ஸ்டென்ட் எண்ட வலைக் குழாய் ஒண்டை உள்ளுக்கு வைச்சு ஓட்டையை மூடப் பாக்கிறம்."

தையல்காரிக்கு விளங்கியது. உள்பக்கத்தால் ஒட்டுப் போடுவது.

முழுதாக மயக்கவில்லை. அரைத் தூக்கத்தில் அம்மாளோடு சண்டை பிடித்தேன். உப்புத் தண்ணீரில் விளக்கெரிக்கிற உனக்கு என் ரத்தத்தில் ஒரு ஒட்டுப் போட ஏலாதோ என்று கேட்டேன். நான் கும்பிட்டது அவ்வளவுதான்.

எக்ஸ்ரே திரையில் என் ரத்தம் கறுப்புத் தண்ணீராய் ஓடியது. அதற்குள் மெல்லிய திரியொன்று வந்து நின்று மெதுவாக விரிந்தது. அது எரிவதை நான் கண்டேன். மருந்து மயக்கம் என்று சொல்லுங்கள், கோபிக்கமாட்டேன். கசிவு நின்றுவிட்டது என்று டொக்டர் சொன்னது கோயில் வீதியில் யாரோ பேசுவது போலக் கேட்டது.

கண் விழிக்க, கட்டிலடியில் கணவர். கையில் காப்பில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பூசாரியாரிட்டச் சொல்லிக் கழட்டிப்போட்டுத்தான் வந்தனான். விளக்கு எரிஞ்சுகொண்டுதான் இருக்கு. நீ வாயைத் திறந்திருந்தா முதலே வந்திருப்பன்."

இப்போதும் சுத்திகரிப்புக்குப் போய் வருகிறேன். நோவென்றால் நோவென்று சொல்கிறேன். இந்த வைகாசி விளக்குக்குத் துணித்திரி திரித்துக் கொடுத்தது நான்தான். நோய் வருத்தத்தோடு இருக்கிறவர்கள் அம்மாளிடம் சண்டை பிடித்தாவது கேளுங்கள். டொக்டரிடமும் மறைக்காதீர்கள்.

என் நெஞ்சுக்குள் அந்தத் துணி இன்றைக்கும் நனைந்தபடிதான் இருக்கிறது. விளக்கு அணையவில்லை.