விட்ட முறை

எங்கடை தோட்டக் கிணறு பங்குக் கிணறு. ஒரு நாள் என்ரை மனுசன் இறைப்பார், அடுத்த நாள் அவரின்ரை தமையன் இறைப்பார். அதுக்குப் பேர் முறை. கலியாணம் முடிச்சு உடுப்பிட்டியிலை இருந்து வந்த புதுசிலை, பயிருக்குத் தண்ணி வேணுமெண்டால் இறைக்கிறது, வேண்டாமெண்டால் விடுறது எண்டு நான் நினைச்சிருந்தன். நான் ஒரு விசரி. அங்கை தண்ணி தேவையோ இல்லையோ, முறை வந்தால் இறைச்சே ஆகவேணும். முறையை விட்டவன் பங்கை விட்டவன் எண்டுதான் கதை.

அண்ணனும் தம்பியும் கதைக்கிறேல்லை. வேலிக்கு நட்ட ஒரு கதியால் தடி அரை முழம் இஞ்சாலை வந்திட்டுதாம். எங்கடை ஊரிலை கூடப்பிறந்ததுகள் முகம் பாராமல் போறதுக்கு ஒரு கதியால் போதும். அதாலை அங்கை ஒரு சொல்லுப் போறதெண்டாலும், இஞ்சை ஒரு சொல்லு வாறதெண்டாலும், தமையன்ரை பெண்சாதியும் நானும்தான் காவவேணும். நான் அவவை அக்கா எண்டு கூப்பிடுவன். ரெண்டு பேரும் அந்தக் கிணத்திலைதான் குடிக்கத் தண்ணி அள்ளுறனாங்கள். கடல் கிட்ட எண்டபடியால் சுத்துவட்டாரத்துக் கிணறெல்லாம் உப்பு. எங்கடை ஒண்டுதான் நல்ல தண்ணி. அது போனால் ரெண்டு வீட்டுக்கும் வாய் நனைக்க வழியில்லை.

சண்டைக் காலத்திலை, கூப்பன் அரிசிக்கு வரிசையிலை நிண்ட ஒரு வருசம், மாரி மழை பிழைச்சுப் போச்சு. எண்டாலும் ரெண்டு பேரும் புகையிலை நட்டவை. மத்தியான வெய்யிலுக்குப் பொயிலை சோந்துதான் நிக்கும், பின்னேரம் தானாய் நிமிரும். காலமையும் நிமிராமல் கிடந்தால்தான் அதுக்குத் தாகம். இது தெரியாத ஆள் எங்கடை ஊரிலை இல்லை. தெரிஞ்சும் இறைச்சவை, அதுதான் எனக்குப் பொறுக்கேலாது.

மாசியிலை ஒரு நாள் இரவு தூறிச்சுது. காலமை தோட்டத்துக்குள்ளை கால் வைக்க ஈரமண் அப்பிக்கொண்டு வருது. பொயிலை நல்லாய் நிமிந்து நிக்குது. அண்டைக்குத் தமையன்ரை முறை. அவர் ஆள் பிடிச்சுத் துலா மரத்திலை ஏத்தி மிதிக்கவிட்டு, பின்னேரம் வரைக்கும் இறைச்சுத் தள்ளினார். அடுத்த நாள் என்ரை ஆளும் அப்பிடியே. எனக்கு ஆத்திரம் பத்திக்கொண்டு வந்தது. உங்களுக்கு விசரோ, சேத்துக்குள்ளை ஏன் தண்ணியைக் கட்டுறியள் எண்டு கேட்டன்.

"இண்டைக்கு விட்டால் நாளைக்கு இது அண்ணையின்ரை கிணறு" எண்டார்.

அதுக்குப் பிறகு கிணறு ஊறுறது குறைஞ்சு போச்சு. முந்தி பின்னேரம் வத்தினால் விடிய நிறைஞ்சிருக்கும். இப்ப தண்ணி அள்ளுற பட்டை போய் அடிக் கல்லிலை உரசிற சத்தம் குசினி வரைக்கும் கேக்கும்.

ஒரு நாள் பருப்பு அவியேல்லை. விறகு ஈரமாக்கும் எண்டு நினைச்சன். மற்ற நாளும் அவியேல்லை. மூண்டாம் முறை பானையை இறக்கி வைச்சிட்டு, குடத்துத் தண்ணியிலை ஒரு வாய் குடிச்சுப் பார்த்தன். அழேக்கை கண்ணீர் வாய்க்குள்ளை போனால் இருக்குமே, அந்தளவு உப்பு. வேறை ஆருக்கும் பிடிபடாது. இறைக்க இறைக்கக் கடல் உள்ளை வருது எண்டு எனக்கு விளங்கிச்சுது.

மனுசனுக்கு ஒரு செம்பிலை கொண்டுபோய்க் குடுத்தன். குடிச்சிட்டுச் செம்பைக் கவிட்டு வைச்சிட்டு எழும்பிக் கிணத்தடிக்குப் போனார். இரவு சாப்பிடேக்கைதான் முடிவைச் சொன்னார். நாளைக்குத் தான் இறைக்கப் போறேல்லை, கிணறு ஊறட்டும், அவையையும் ஒரு முறை விடச் சொல்லு எண்டார். நான் வேலியிலை ஓட்டை விழுந்த பொட்டுக்குள்ளாலை அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னன். தங்கடை வீட்டிலையும் பருப்பு அவியிறேல்லை எண்டு அவ சொன்னா. கட்டாயம் சொல்லுறன், என்ரை ஆளுக்கும் தெரியும், ஒத்துக்கொள்ளத்தான் வாய் விடாது எண்டும் சொன்னா. எனக்குப் பெரிய ஆறுதலாய் இருந்தது.

விடிய எங்கடை முறை. தேத்தண்ணி ஊத்திக்கொண்டிருக்கிறன், துலாச் சத்தம் கேக்குது. எங்கடை ஆள் பின்விறாந்தையிலை இருக்கிறார். ரெண்டு பேரும் ஓடிப் போனம். தமையன் கிணத்துக்கட்டிலை நிண்டு பட்டை பிடிக்கிறார். மேலை துலாவிலை ரெண்டு பேர். தம்பி பங்கை விட்டிட்டான், வாற தண்ணியைச் சும்மா விடுறதோ எண்டு அவையளுக்குச் சொல்லுறது எங்களுக்கும் கேட்டது. அக்கா வாய்க்காலடியிலை குனிஞ்ச தலை நிமிராமல் நிக்கிறா.

எங்கடை ஆள் பட்டைக்குள்ளை செம்பை விட்டு மொண்டு தமையனிட்டை நீட்டினார். எத்தினையோ வருசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் அவரோடை கதைச்சவர்.

"அண்ணை, குடிச்சுப் பாருங்கோ."

தமையன் செம்பை வாங்கினார். துப்பிப்போடுவார் எண்டுதான் நான் பார்த்துக்கொண்டு நிண்டனான். அவர் துப்பேல்லை. ஒரு சொட்டு மிச்சம் வையாமல், எங்கடை முகத்தைப் பார்த்தபடி முழுக்கக் குடிச்சார். குடிச்சு முடிய முகமெல்லாம் ஒரு மாதிரிச் சுருங்கிச்சுது. சால்வையாலை வாயைத் துடைச்சிட்டு,

"நல்ல தண்ணிதானே" எண்டார். பிறகு மேலை பார்த்து, மிதியுங்கோடா எண்டார்.

எங்கடை ஆள் வெறுஞ்செம்பை வாங்கிக்கொண்டு திரும்பினார். வளவுக்குள்ளை வந்த உடனை, நாளைக்கு விடியமுன்னம் வரச் சொல்லித் துலா மிதிக்கிற ஆக்களுக்குச் சொல்லியனுப்பு எண்டார். நாளைக்கு அவையின்ரை முறையெல்லோ எண்டு கேட்டன்.

"இனி என்ன முறை" எண்டார்.

பங்குனி முடியமுன்னம் ரெண்டு தோட்டத்துப் பொயிலையும் இலைக் கரையிலை இருந்து கருகிக்கொண்டு வந்தது. இண்டைக்கும் அந்தக் கிணத்துத் தண்ணியிலை மாடு வாய் வைக்காது.