கம்பி பிடித்த கை

என் அம்மாவின் தம்பி ஒரு கல்குவாரியில் பதினான்கு வருடம் கம்பி பிடித்தார். பாறையில் வெடி வைக்க முதலில் துளை போட வேண்டும். ஒருவர் உட்கார்ந்து இரும்புக் கம்பியை நிமிர்த்திப் பிடிப்பார். இன்னொருவர் நின்று அதன் தலையில் சம்மட்டியால் அடிப்பார். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பிடிப்பவர் கம்பியைக் கொஞ்சம் திருப்பி "ம்" என்பார். அந்த "ம்" கேட்ட பிறகுதான் அடுத்த அடி விழும்.

மாமாவின் பெயர் அங்கே மொட்டை. உண்மையில் அவருக்குத் தலை நிறைய முடி. வேலைக்குச் சேர்ந்த அன்று பேன் தொல்லையால் மழித்துக்கொண்டு போயிருந்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்குச் சம்மட்டி அடித்தவர் நெட்டை. இருவரும் ஒரே தகர அறையில் தங்கினார்கள். ஒரு சோப்பு வாங்கினால் நூலால் அறுத்துப் பங்கு போடுவார்கள். நெட்டையின் மனைவியும் மூன்று பிள்ளைகளும் தூரத்து ஊரில் இருந்தார்கள். அவர் சம்மட்டி தூக்கினால்தான் அங்கே அடுப்பு எரியும்.

ஒருநாள் கல்சில்லு தெறித்து நெட்டையின் இடது கண்ணில் அடித்தது. கண் சிவந்தது, பிறகு வெளுத்தது. அதில் பார்வை மங்கியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மாமாவின் விரல்களுக்குத் தெரிந்தது. ஒரு அடி கம்பியின் ஓரத்தில் வழுக்கியது. இன்னொன்று விரல் முட்டியின் தோலை உரித்துப் போனது. மூன்றாவது முறையும் அடி தவறியதும் மாமாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நேராக மேஸ்திரியிடம் போனார்.

"என்னை வேற ஆள் கூடப் போடுங்க."

"ஏன்டா, புருஷன் பொண்டாட்டி சண்டையா?"

மாமா வாய் தவறிக் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

அன்று மதியமே மேஸ்திரி எல்லோர் முன்னாலும் கத்தினார். "குருடனுக்குச் சம்மட்டி எதுக்கு? துணியைச் சுருட்டிக்கிட்டு கிளம்புடா!"

நெட்டை மேஸ்திரியை விட்டுத் திரும்பினார். தண்ணீர்த் தொட்டியருகே நின்ற மாமாவிடம் வந்தார். முதல் குத்திலேயே மாமாவின் முன்பற்கள் இரண்டு போயின. மாமா சும்மா இருக்கவில்லை. தலையால் முட்டி அவரைச் சரளைக்கல்லில் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து முகத்தில் அறைந்தார். நெட்டை மாமாவின் கழுத்தைப் பிடித்தார். பிரித்துவிட யாரும் வரவில்லை. சம்மட்டி தூக்கும் கைக்கு நடுவில் யார் போவார்கள்?

"என் பிள்ளைங்க வாயில மண்ணைப் போட்டியேடா!" என்றார் நெட்டை. அதைக் கேட்டதும் மாமாவின் கை தானாக இறங்கியது. அதன் பிறகு விழுந்த அடிகளை எல்லாம் வாங்கிக்கொண்டார்.

அடி நின்றதும் எழுந்து, வாயில் ரத்தத்தோடு மேஸ்திரியிடம் நடந்தார். "நான் சொன்னது பொய்ங்க. அவன் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல."

மேஸ்திரி சிரித்தார். "அப்ப நீயே பிடி. முப்பது அடி. ஒண்ணு தப்பினாலும் ரெண்டு பேரும் வெளிய."

மேஸ்திரி மேல்மேட்டு நிழலில் போய் நின்று சத்தத்தை வைத்து எண்ணினார். அங்கிருந்து மாமாவின் முதுகுதான் தெரியும். மாமா கம்பியை நெட்டையின் வலது கண்ணுக்கு நேராக நகர்த்தி வைத்தார்.

"வேண்டாம்டா" என்றார் நெட்டை மெதுவாக.

"ம்" என்றார் மாமா.

இருபத்தாறு அடிகள் சரியாக விழுந்தன. இருபத்தேழாவது கம்பியின் தலையை உரசிக்கொண்டு கையில் இறங்கியது. இடது கையில் இரண்டு விரல்கள் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே நசுங்கின.

"என்னடா, சத்தம் மாறுது?" மேலிருந்து மேஸ்திரி கேட்டார்.

"கல்லு அந்த இடத்துல மெத்துனு இருக்குங்க." மாமா உடம்பை வளைத்துக் கையை மறைத்தார். மிச்ச விரல்களால் கம்பியை இறுக்கித் திருப்பினார். ரத்தம் துளைக்குள் ஒழுகியது. "ம்."

நெட்டை சம்மட்டியைக் கீழே விடப் பார்த்தார். மாமா தலையை நிமிர்த்தி முறைத்தார். "ம்!"

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

"சரி சரி, வேலையைப் பாருங்க" என்று மேஸ்திரி திரும்பிப் போனார்.

நெட்டை சம்மட்டியை வீசிவிட்டு மாமாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "கத்தித் தொலைக்க மாட்டியாடா?"

"கத்தியிருந்தா நீ இந்நேரம் பஸ்ல இருந்திருப்ப."

நெட்டை தன் சட்டையைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றினார். சுற்றச் சுற்ற அழுதார், திட்டினார்.

கல் உருண்டு கையில் விழுந்தது என்று மேஸ்திரியிடம் சொல்லிவைத்தார்கள். கை ஆற இரண்டு மாதம் ஆனது. நசுங்கிய விரல்கள் இரண்டும் திரும்பக் கிடைக்கவில்லை. மாமா திரும்பிப் போன முதல் நாள் நெட்டை அவருக்கு முன்னால் பாறையில் உட்கார்ந்து, கம்பியைத் தன் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மாமா அதுவரை சம்மட்டி தூக்கியதே இல்லை.

"எனக்குக் குறி வராதுடா மாப்ள."

"வரலன்னா வரல. என்கிட்ட பத்து விரல் இருக்கு" என்ற நெட்டை, பாறையைப் பார்த்தபடி "ம்" என்றார்.