உப்புக்குப் பத்துக் கோடு

எனக்கு நிதானம் கிடையாது. எழுத்து முடிவில் சரியாக வந்தால் போதும், எந்தக் கோட்டை முதலில் போட்டேன் என்று யார் கேட்கப் போகிறார்கள் என்பது என் கட்சி. புத்தளத்தில் சனிக்கிழமைச் சீன வகுப்பில் சேர்ந்த முதல் நாளே இதற்காக மிஸ்ஸோடு முட்டிக்கொண்டேன்.

வாய் என்பதற்குச் சீனர்கள் ஒரு சதுரம் போடுகிறார்கள். நான் 'ப' எழுதி, மேலே ஒரு மூடி வைத்தேன். வேலை முடிந்தது. மிஸ் சிலாபத்துச் சிங்களப் பெண், சீனாவில் படித்து வந்தவர். என் கொப்பியைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"அது 'ப' இல்ல. முதல்ல இடப்பக்கம். பிறகு மேலயும் வலப்பக்கமும் ஒரே கோடு. அடி கடைசி."

"எப்பிடிப் போட்டாலும் வாய் வாய்தானே மிஸ்?"

வகுப்பே சிரித்தது. என் பக்கத்தில் இருந்த அக்கா மட்டும் சிரிக்காமல் மிஸ் சொன்ன ஒழுங்கில் எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பல வருடமாக உப்பளத்தில் வேலை. உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதமெல்லாம் வெடிப்பு. வகுப்பிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இருப்பார். கற்பிட்டியில் கடலட்டை வாங்கிச் சீனாவுக்கு அனுப்பும் ஒரு கம்பனி, சீனம் எழுதத் தெரிந்த ஒருவரை எடுக்கப்போகிறது என்று கேள்விப்பட்டுத்தான் நாங்கள் இருவரும் வகுப்புக்கு வந்தோம். எனக்கு வீட்டில் சும்மா இருந்து அலுத்துவிட்டது, அவ்வளவுதான். அவருக்கு உப்பளத்திலிருந்து கரையேற அது ஒன்றே வழி. இது எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும்.

அக்காவின் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஆனால் ஒழுங்கு பிசகாது. எதையும் தாளில் வைக்குமுன் விரலால் மடியில் ஒருமுறை எழுதிப் பார்ப்பார். ஒருநாள் என் பிடிவாதம் தாங்காமல் என் கையை இழுத்து, உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுதினார்.

"என்ன எழுத்தெண்டு சொல்லுங்கோ, தங்கச்சி."

தெரியவில்லை. பார்ப்பதற்குத்தான் அங்கே ஒன்றும் இல்லையே.

"கையில எழுதினா ஒழுங்குதான் எழுத்து. அது தெரியாட்டி வாசிக்கேலாது," என்றார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அன்றிலிருந்து தேத்தண்ணி இடைவேளைகளில் அவர் என் கையில் எழுதுவார், நான் வாசிப்பேன். மிஸ் ஏசி ஏசிப் பழகாத ஒழுங்கு ரோசத்தில் பழகியது.

பரீட்சைக்குக் கம்பனியிலிருந்து ஒரு சீனப் பெண்மணி வந்தார். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுத வேண்டும். ஒரு வாங்கில் இரண்டு பேராக உட்கார்ந்தோம், என் பக்கத்தில் அக்கா. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, 'உப்பு' என்று அவர் சொல்லும்வரை. அதற்குப் பத்துக் கோடு என்பது நினைவிருந்தது. ஒரு கோடுகூட நினைவில்லை. பக்கத்தில் பார்த்தேன். அக்காவின் விரல் சேலை மடியில் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் 'மண்' என்ற எழுத்து. பக்கத்தில் ஒரு கோடு, ஒரு புள்ளி. கீழே 'தட்டு' என்ற எழுத்து. தட்டின் அடிக்கோடு கடைசியில், நீளமாக. எனக்காகத்தான் காட்டுகிறார் என்று நினைத்து, அப்படியே எழுதினேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. அக்கா பின்தங்கியது ஒரே ஒரு எழுத்தால் என்று மிஸ் சொன்னார். தனக்குப் போட்டியான எனக்கே காட்டித்தந்தாரே, எப்பேர்ப்பட்ட மனசு என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி உருகினேன்.

ஒரு மாதம் கழித்து, லீவு நாளில் வட்டிலப்பம் செய்து எடுத்துக்கொண்டு நன்றி சொல்ல அக்கா வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே பரீட்சைக் கதையை எடுத்தார்.

"அந்த உப்புத்தான் தங்கச்சி என்னைக் கவிழ்த்தது. மடியில எழுதிப் பாத்தனான். விரல் ஓடினதுதான், ஆனா சரியோ பிழையோ எண்டு ஒரு ஐமிச்சம். பிழையா எழுதி அந்தம்மா சிரிச்சா வெக்கம் எண்டு வெறுமையா விட்டிட்டன். உப்புக்குள்ளயே கிடக்கிறவளுக்கு உப்பு வரேல்ல, பாருங்கோ."

அவர் எனக்குக் காட்டவே இல்லை. தனக்கு எழுதிப் பார்த்ததை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வட்டிலப்பத்தை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

"அது சரியாத்தான் இருந்திச்சி, அக்கா."

"நான் தாளில எழுதவே இல்லையே. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். ஏசுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நிமிர்ந்து பார்த்தபோது அவர் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"அப்ப எனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார்.

பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். உப்பளத்துக்குப் போக நேரமாகியிருந்தது.