ஒரே செல்லில் அத்தனை நியூக்ளியஸ்

போன வருஷம், மழை ஓய்ந்த சமயம். சிறுசேரியில் வேலை முடித்து தாம்பரம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பல வாரமாகவே சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், உடம்பு அடித்துப் போட்டது மாதிரி வலி. தினம் இவ்வளவு தூரம் போய்வந்தால் யாருக்குத்தான் அசதி இருக்காது என்று விட்டுவிட்டேன். கழுத்தில் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் தாம்பரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பியிருந்தார்.

பஸ் மேடவாக்கத்தை நெருங்கும்போது போனில் ரிப்போர்ட் வந்தது. பல நியூக்ளியஸ் உள்ள ராட்சத செல்கள் இருப்பதாகப் போட்டிருந்தது. ஒரு செல்லுக்கு ஒரு நியூக்ளியஸ் என்றுதான் ஸ்கூலில் படித்த ஞாபகம். நெட்டில் தேடினால் முதலில் வந்ததே ட்யூமர். கணவருக்குப் புனேயில் வேலை. அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அழக்கூடத் தெம்பில்லை, கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

பக்கத்து சீட்டில், கழுத்தில் ஐடி கார்டோடு தூங்கிக்கொண்டிருந்த பெண் விழித்து என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"நெட்டைப் பார்க்காதீங்கக்கா. இப்பவே டாக்டர்கிட்ட போயிடலாம், நானும் வரேன்" என்றாள்.

அவள் மேடவாக்கத்துக்குத்தான் டிக்கெட் எடுத்திருந்தாள். பஸ் அங்கே நின்றும் அவள் எழுந்திருக்கவில்லை.

கிளினிக்கில் நல்ல கூட்டம். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். என்னைக் கூப்பிட்டதும் எழுந்து கூடவே உள்ளே வந்தாள்.

டாக்டர் ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தார். "இதுல கேன்சர் எதுவும் இல்லம்மா. டிபி மாதிரி தெரியுது, அது நுரையீரல்ல மட்டுமில்ல, இப்படிக் கழுத்துலயும் வரும். கிருமியோட சண்டை போடற ஒரு செல்லால அதை அழிக்க முடியலைன்னா, பல செல் ஒண்ணாச் சேர்ந்து பெரிய செல்லா ஆயிடும். அதான் இத்தனை நியூக்ளியஸ். குணமாக்கிடலாம்" என்றார்.

வெளியே வந்ததும் அவள், வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடச் சொன்னாள். நான் அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசி முடிப்பதற்குள் எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். பேர்கூடக் கேட்கவில்லை.

அடுத்த டெஸ்டில் டிபி உறுதியானது. மாசக்கணக்கில் மாத்திரை, குமட்டல், ஆபீஸில் சிலர் தள்ளி உட்கார்ந்தது எல்லாம் உண்டு. இப்போது கட்டி இல்லை.

களைத்துப்போனவர்களுக்குத் தங்களைப் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு என்று நினைத்திருந்தேன். கண்ணைத் திறக்க முடியாத களைப்பிலும் ஒருத்தி எனக்காக வந்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு, அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.