காப்புறுதிக்குள் இருக்கிற உறுதி

என் அலுவலக மேசை லாச்சியில் ஒரு பழைய விண்ணப்பப் படிவம் கிடக்கிறது. 'வீட்டு உரிமையாளர்' என்ற இடத்தில் ஓர் ஆணின் பெயரை நான்தான் எழுதியிருக்கிறேன். அதன் மேல் அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல் நீலக் கோடு ஒன்று. கோட்டைப் போட்டவர் மருதமுனையில் நாங்கள் எல்லோரும் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் பெண்.

கல்முனையில் காப்புறுதிக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. எனக்கு வாய் நீளம். ராத்தாவின் கணவர் இரும்புக்கடை முதலாளி; அவருக்கு எதற்கும் அவசரம். நானும் அவரும் சேர்ந்து ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் அவர்களுடைய வீட்டுக் காப்புறுதிப் படிவத்தை நிரப்பி முடித்தோம். "எல்லாம் இதுக்குள்ள அடங்கும் காக்கா" என்று அந்த அண்ணனிடம் நான் அளந்துவிட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். ராத்தா வந்து படிவத்தை எடுத்தார், உட்கார்ந்தார், முதல் எழுத்திலிருந்து வாசித்தார்.

"இந்த ஊடு ஆருட ஊடு தம்பி?"

முதலாளி சிரித்து மழுப்பப் பார்த்தார். ராத்தா விடவில்லை. அது அவருடைய வாப்பா கட்டிக்கொடுத்த வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும், மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். இது எனக்குத் தெரியாதா? நானும் அப்படி வந்து குடியேறியவன்தான். ஆனாலும் படிவம் என்று வந்ததும் கை தானாக ஆண் பெயரை எழுதிவிட்டது. நாளைக்கு வீடு எரிந்தால், காணி உறுதியில், அதாவது சொத்துப் பத்திரத்தில், ஒரு பெயரும் காப்புறுதியில் இன்னொரு பெயரும் இருந்தால், பணம் இழுபடும், சிலவேளை வராமலே போகும்.

"காப்புறுதி எண்ட சொல்லுக்குள்ளயே உறுதி இருக்கே தம்பி. அந்த உறுதியப் பார்க்காம எப்படி எழுதின நீங்க?"

இன்றுவரை எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகத் தொழில் சொல்லித் தந்ததில்லை. அவர் அத்தோடு நிறுத்தவுமில்லை. மேல்மாடியில் அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒரு தாதியின் குடும்பம் வாடகைக்கு இருந்தது. அவர்களின் சாமான் எரிந்தால் என் 'எல்லாம் அடங்கும்' அதையும் அடக்குமா என்று கேட்டார். இல்லை என்றேன், வீட்டுக்காரரின் காப்புறுதி சுவருக்கும் கூரைக்கும் வீட்டுக்காரரின் பொருளுக்கும்தான், குடியிருப்பவர் தன் பொருளுக்குத் தனியாக எடுக்க வேண்டும். மாடி பாழாகி ஆட்கள் வெளியேறினால் வாடகை? அதைக் கேட்டுச் சேர்த்தால்தான் உண்டு என்றேன். கேட்கக் கேட்க என் குரல் இறங்கியது. ராத்தா கோட்டைப் போட்டு, புதுப் படிவம் கேட்டு, தன் பெயரைத் தானே எழுதி, வாடகையையும் சேர்த்தார். பிறகு தாதியைக் கீழே கூப்பிட்டு, என்னையே அவருக்கும் விளக்கச் சொன்னார். பாவம், அந்தப் பிள்ளையும் அன்றே ஒன்று எடுத்துக்கொண்டது.

அடுத்த மாரிகாலத்தில் ஒரு பகலில் மேல்மாடி மின்கம்பி பற்றிக்கொண்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். மாடியின் முன்னறை கரியாகிவிட்டது. மதிப்பீட்டாளர் வந்து முதலில் கேட்டது உறுதியைத்தான். ராத்தா எடுத்து நீட்டினார். பெயரோடு பெயர் பொருந்தியது. சுவருக்கும் கூரைக்கும் அவருக்குக் கிடைத்தது, நின்றுபோன வாடகையும் கிடைத்தது. தாதியின் அலுமாரிக்கும் தையல் மெஷினுக்கும் தாதிக்குக் கிடைத்தது. நான் அந்தக் கரி படிந்த படியில் நின்று வெட்கப்பட்டேன், சந்தோஷமும் பட்டேன்.

மதிப்பீட்டாளர் வந்துபோன மறுநாளே நான் எழுதிய மற்றப் படிவங்களையெல்லாம் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஆண் பெயர், ஆண் பெயர், ஆண் பெயர். கடைசியாகத் திருத்தியது என் சொந்த வீட்டுக் காப்புறுதி. "இது என்ட ஊடு எண்டு இப்பதான் தெரிஞ்சுதா?" என்று மனைவி கேட்டாள். நான் திருத்திய படிவத்தை அவளிடமே நீட்டினேன்.

இப்போது கிளைக்கு நான்தான் பொறுப்பு. புதிதாக வருகிறவர்களிடம் பேனையை மூடிவைத்துவிட்டு முதலில் உறுதியைக் கேளுங்கள் என்கிறேன். போன மாதம் ராத்தா தொலைபேசியில் கதைத்தார். மகளுக்குக் கலியாணமாம். வீட்டை மகள் பெயருக்கு எழுதியாயிற்று, காப்புறுதியிலும் பெயரை மாற்ற வேண்டும் என்றார். தானும் முதலாளியும் பின்தெருவில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துப் போய்விட்டார்களாம். சொல்லும்போது அவர் குரலில் ஒரு தளர்வும் இல்லை.

படிவங்களோடு அந்தச் சின்ன வீட்டுக்கு நானே போனேன். அந்த நீலக் கோட்டுப் படிவத்தையும் காட்ட எடுத்துப் போயிருந்தேன். ராத்தா அதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மகளின் படிவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, வாடகை வீட்டிலுள்ள தன் சாமானுக்கென்று இன்னொரு புதுப் படிவத்தை இழுத்து, 'குடியிருப்பவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார்.

"உறுதி இல்லாதவளுக்கும் காப்புறுதி இருக்குதானே தம்பி?"

"ஓம் ராத்தா," என்றேன். "இருக்கு."